நீரும் நிறமும் சிறிது ஓய்வும்

நம் வீடுகளில் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. பொழுது என்பது அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் போக்குவது எப்படி நற்செயலாகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கேள்வி நியாயமானது. ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களுள் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆனால், இன்று நம் இல்லங்களில் ஓய்வு நேரம் எங்கே செல்கிறது என்பதை நேர்மையாகக் கவனிக்க வேண்டும். அது வணக்கத்திற்கும் செல்வதில்லை, குடும்பத்தாருக்கும் செல்வதில்லை. இஷாவுக்குப் பின் கூடத்தில் நால்வர் அமர்ந்திருந்தால் நால்வர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இதில் என்ன பயன்?" என்று கேட்கும் நாம், திரையை விரலால் தள்ளிக்கொண்டே ஒரு மணி நேரத்தைக் கழிப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை.

ஓய்வு இருக்கத்தான் போகிறது. அதை எதனால் நிரப்புகிறோம் என்பதே பேச வேண்டிய செய்தி. நீர்வண்ண ஓவியம், அதிலும் 'லூஸ் வாட்டர்கலர்' என்று அழைக்கப்படும் நெகிழ்வான பாணி, நம் குடும்பங்களுக்குப் பொருத்தமான ஆகுமான ஓய்வு என்பது நம் கருத்து. ஓய்வு கேட்பதற்கே தயங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு அது மிகவும் பொருந்தும்.

எத்தகைய ஓவியம் இது?

நீர்வண்ணம் எளிய பொருள்களால் ஆனது. நுண்ணிய நிறப்பொடியை ஒருவகை வேலமரத்தின் பிசினோடு குழைத்துச் செய்வது அது. சூடான் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் அந்தப் பிசினை உலகம் 'அரபுப் பிசின்' என்றே அழைக்கிறது. விளக்குக் கரியோடு அதே பிசினைச் சேர்த்துத்தான் முஸ்லிம் எழுத்தாளர்கள் பல நூற்றாண்டுகள் மை தயாரித்தார்கள். குர்ஆன் பிரதிகளை எழுதினார்கள். ஆகவே, இந்தப் பொருள் நம் மரபுக்கு அந்நியமானதன்று.

நீர்வண்ணத்தில் ஒளியைத் தருவது தாளின் வெண்மை. வெள்ளை நிறத்தைப் பூசி ஒளியை உண்டாக்குவதில்லை. வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். மெல்லிய நிறங்களை முதலிலும் அடர்ந்த நிறங்களைப் பின்னரும் இடுகிறோம்.

நெகிழ்வான பாணியில் ஒவ்வோர் இலையையும் வரைவதில்லை. தென்னந்தோப்பு என்றால், ஈரத்தாளில் ஒரு பச்சைப் பரப்பு. அது உலரும் முன் நிழல் பக்கத்தில் இன்னும் அடர்ந்த பச்சை. பிறகு மூன்று நான்கு மரங்களின் தண்டுகள். எஞ்சியதைப் பார்ப்பவரின் கண்ணே நிறைவு செய்துகொள்கிறது. பெரிய தூரிகையும் குறைந்த தீற்றல்களுமே இதன் இலக்கணம்.

ஆஸ்திரேலியாவில் வாழும் ஓவியர் ஜோசப் ஸ்புக்விச் இந்தக் கலையின் நுட்பத்தைச் சமையலறைச் சொற்களால் விளக்குகிறார். வண்ணக் கலவை தேநீர் போல, காபி போல, பால் போல, பாலாடை போல, வெண்ணெய் போல என ஐந்து பதங்களில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. வானத்திற்குத் தேநீர்ப் பதம் போதும். அருகிலுள்ள இருண்ட நிழலுக்கு வெண்ணெய்ப் பதம் வேண்டும். தாள் எவ்வளவு ஈரமாக இருக்கும்போது எந்தப் பதத்தை இடுவது என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது. கஞ்சிக்கும் களிக்கும் பதம் பார்க்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இது புரியாத பாடமாகாது.

உள்ளங்கை அகலத் தாளில் ஓர் ஓவியத்தை முடிக்க அரை மணி நேரம் போதும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் தொடங்கி முடித்துவிடலாம்.

மார்க்க வரம்பு

ஓவியம் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, இது கூடுமா என்பதே. அப்படிக் கேட்பது நல்ல பழக்கம். கேட்டபின் விடையையும் முழுமையாகக் கேட்க வேண்டும்.

உருவப்படங்களைச் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்ன செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. உருவம் சமைப்போருக்குரிய தண்டனை பற்றித் தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதை இப்னு அப்பாஸ் அவருக்கு எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்டு அந்த மனிதரின் முகம் வெளுத்துப்போயிற்று. அப்போது அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடாமல், இத்தொழிலை விட முடியாதெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். ஒரு வாயிலை அடைத்த அதே அமர்வில் இன்னொரு வாயிலைத் திறந்துவிட்டார்கள். நம் ஊர்களில் முதல் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதன் விளைவாக, வரைவதே பாவம் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இந்த வாயில் வழியே முஸ்லிம் கலைஞர்கள் எவ்வளவு தூரம் சென்றார்கள் என்பதற்கு டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசல் சான்று. 705 முதல் 715 வரை ஆட்சி செய்த கலீஃபா வலீத் காலத்தில் எழுந்த பள்ளிவாசல் அது. அதன் சுவர்களில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன பெரும் காட்சிகள் உள்ளன. ஆறு ஓடுகிறது, கரையில் உயர்ந்த மரங்கள் நிற்கின்றன, மாளிகைகளும் சிறு வீடுகளும் இருக்கின்றன. மனித உருவமோ விலங்கின் உருவமோ இல்லை. நம் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய கற்பள்ளிகளிலும் தூண்களில் பூவும் கொடியுமே செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தூண்களின் நிழலில் நம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழுது வந்தார்கள்.

நீர்வண்ணத்தின் நெகிழ்வான பாணிக்கு இயல்பாகவே உகந்தவை வானம், கடல், மழை, மரம், பழைய கட்டடம், பூ, பழம் ஆகியவை. மனிதரும் விலங்கும் இல்லாத ஓவியத்தில் எதுவோ குறைவதாக எவருக்கும் தோன்றாது. உயிரினங்களை வரைவது, முகமற்ற உருவங்களைத் தொலைவில் குறிப்பது போன்றவற்றில் அறிஞர்களிடையே விரிவான பேச்சுகள் உள்ளன. ஐயம் இருப்போர் தமக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. ஐயத்திற்கு இடமில்லாத பரப்பே ஓர் ஆயுள் முழுதும் வரையப் போதுமானது.

கண்ணுக்குக் கிடைக்கும் பயிற்சி

ஃபாத்திர் அத்தியாயத்தில் அல்லாஹ் மழையையும், அதனால் விளையும் பல நிறக் கனிகளையும், மலைகளில் வெண்மையாகவும் செம்மையாகவும் கருமையாகவும் ஓடும் கோடுகளையும், மனிதரிலும் கால்நடைகளிலும் உள்ள நிற வேறுபாடுகளையும் அடுத்தடுத்துக் கூறுகிறான். அதன்பின் உடனே, தன்னை உள்ளபடி அஞ்சுவோர் அறிவுடைய அடியார்களே என்று கூறுகிறான். நிறங்களைப் பற்றிய பேச்சு அச்சத்திலும் அறிவிலும் சென்று முடிகிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தில், மாலையில் வீடு திரும்பும்போதும் காலையில் மேயச் செல்லும்போதும் கால்நடைகளில் ஓர் அழகு இருப்பதையும் அவன் நினைவூட்டுகிறான். உணவும் சுமை தூக்குதலும் போன்ற பயன்களோடு அழகையும் சேர்த்தே ஓர் அருளாக எண்ணிக் காட்டுகிறான்.

பார் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நாமோ பார்க்காமலே பெயர் சொல்லிவிடுகிறோம். வானம் நீலம், இலை பச்சை, சுவர் வெள்ளை என்று மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணுக்கு விடுப்பு கொடுத்துவிடுகிறோம். தூரிகையைக் கையில் எடுத்தவருக்கு அது இயலாது. அஸர் நேரத்துக் கடலை வரைய அமர்பவர், அதில் நீலத்தைவிடச் சாம்பலும் வெளிர்பச்சையும் மிகுந்திருப்பதைக் காண்கிறார். வேம்பு துளிர்க்கும்போது இளந்தளிரில் செம்பின் நிறம் ஓடுவதை அறிகிறார். சுண்ணாம்பு அடித்த பள்ளிவாசல் சுவரின் நிழல் காலையில் ஊதா கலந்த நீலமாக இருப்பதும், அந்தி வெயில் படும்போது அதே சுவர் மஞ்சளாக மாறுவதும் அவருக்குத் தெரியவருகின்றன. பல ஆண்டுகள் அந்தச் சுவரைக் கடந்து சென்றவர்தாம், அன்றுதான் பார்க்கிறார். அப்போது நாவில் தானாகவே ஒரு ஸுப்ஹானல்லாஹ் எழுகிறது.

ஓவியம் வரைவதை இபாதத் என்று நாம் சொல்லவில்லை. வணக்கம் எது என்பதை நாமே வகுத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. ஆனால், படைப்பைக் கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கும் படைத்தவனை நினைக்கும் உள்ளத்திற்கும் இடையே நெருங்கிய உறவு உண்டு.

நீர் தன் வழியில் ஓடும்

இக்கலையைத் தொடங்குவோர் முதலில் சந்திப்பது ஏமாற்றத்தை. ஒரு வானத்தைப் பூசிவிட்டு, அது பாதி உலர்ந்த நிலையில் ஒரு துளி நீர் விழுந்தால், நிறம் விலகிப் பூக்கோசு போன்ற ஒரு கறை பரவிவிடும். துடைக்கத் துடைக்க அது பெரிதாகும். மூன்றாம் முறை தொட்டால் தாளே சேறாகிவிடும். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து தாள்கள் இப்படித்தான் போகும். பார்க்க எளிதாகத் தோன்றும் இந்தப் பாணி, செய்யும்போது அத்தனை எளிதன்று.

அதைக் கற்றுத் தேர்ந்தவர் செய்வது என்ன? தாளை எவ்வளவு நனைப்பது, தட்டை எவ்வளவு சாய்ப்பது, எந்த நேரத்தில் எந்தப் பதத்தில் நிறத்தை இடுவது என்பவற்றைக் கவனமாகச் செய்கிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். நிறம் நீரில் பரவும் விதம் அவர் கையில் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியதை (திர்மிதி) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கட்ட வேண்டியதைக் கட்டுவதும், கட்டியபின் விட்டுவிடுவதும் இரு வேறு பயிற்சிகள். பிள்ளையின் மதிப்பெண், மகளின் திருமணம், வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் என எல்லாவற்றையும் இரவு முழுதும் மனத்தில் பிசைந்துகொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இரண்டாம் பயிற்சிதான் வாய்ப்பதில்லை. அரை மணி நேரம் ஒரு தாளின் முன் அமர்வதால் ஈமான் வளர்ந்துவிடும் என்று சொல்லத் துணியமாட்டோம். ஆனால், போதும் என்று நிறுத்தும் பழக்கம் கைக்கு வந்தால், அது மனத்திற்கும் வரக்கூடும்.

யாருடைய ஓய்வு?

இங்கே ஒரு கசப்பான உண்மையைப் பேசியாக வேண்டும். நம் சமூகத்தில் ஓய்வு சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆண்களுக்குத் தேநீர்க் கடை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, இளைஞர்களுக்குக் கிரிக்கெட் இருக்கிறது. எவரும் அவர்களிடம் கணக்குக் கேட்பதில்லை. பெண்ணுக்கோ சுபுஹுக்கு முன் தொடங்கும் நாள் அனைவரும் உண்டு முடித்துப் பாத்திரம் கழுவிய பின்தான் முடிகிறது. கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் வீடுகளில் கடைவீதி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் சுமையும் அவள்மீதே விழுகிறது. அவள் நடுவில் அரை மணி நேரம் அமர்ந்து ஒரு பூவை வரைந்தால், "வேறு வேலை இல்லையா?" என்ற கேள்வி வருகிறது. சில வேளைகளில் அந்தக் கேள்வி அவளுக்குள்ளிருந்தே எழுகிறது.

நபிவழி இப்படி இருக்கவில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அன்னையை மறைத்தவாறு, அன்னை தாமாகவே சலிப்படையும்வரை நின்றுகொண்டிருந்தார்கள் (புகாரி). ஓர் உம்மத்தின் சுமையைத் தோளில் தாங்கியவர்கள், தம் மனைவியின் மகிழ்ச்சிக்காக நின்ற நேரம் அது. போதுமா என்பதை முடிவு செய்யும் உரிமையை அன்னையிடமே விட்டிருந்தார்கள்.

ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகியோரின் செய்தியும் நமக்குப் பழக்கமானதே. உன் இறைவனுக்கும், உனக்கும், உன் குடும்பத்தாருக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தை ஸல்மான் எடுத்துரைத்ததும், அதை நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தியதும் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி பேசப்படுகின்றன. அந்த நிகழ்வு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஸல்மான் அந்த வீட்டிற்குச் சென்றபோது உம்முத்தர்தா தம்மைப் பேணாத வாடிய கோலத்தில் இருப்பதைக் கண்டு, காரணம் கேட்டார்கள். அங்கிருந்துதான் அனைத்தும் தொடங்கின. வீட்டிலுள்ள பெண்ணின் வாட்டத்தைக் கவனித்ததால் உம்மத்திற்கே ஒரு பாடம் கிடைத்தது.

நிறங்களோடு பழகுவது நம் பெண்களுக்குப் புதிதும் அன்று. திருநெல்வேலிக்கு அருகே பத்தமடையில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் கோரையைப் பட்டுபோல மெல்லிதாகக் கிழித்து, சாயமேற்றி, பாய் நெய்து புகழ்பெற்றார்கள். பிழைப்புக்காக விரல்கள் நிறத்தைச் சேர்க்கலாம் என்றால், ஓய்வுக்காகச் சேர்ப்பதில் என்ன குறை?

பெரியோர் இப்படிச் செய்தார்களா?

மார்க்கத்தில் ஆழ்ந்தவர்கள் இத்தகைய கலைகளில் ஈடுபடுவார்களா என்று சிலர் கேட்கக்கூடும். துருக்கியில் 1976இல் மறைந்த நெஜ்மெத்தீன் ஒக்யாய் அவர்களின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. அவர் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதிப் பள்ளிவாசலில் இமாமாகவும் கதீபாகவும் பணியாற்றியவர். அரபு எழுத்தணிக் கலைஞர், நூல் கட்டுபவர், வில்லாளர், ரோஜா வளர்ப்பவர். நீரின்மேல் நிறங்களை மிதக்கவிட்டு, அவற்றைத் தாளில் பதித்தெடுக்கும் 'எப்ரு' என்னும் கலையிலும் வல்லவர். அக்கலையில் பூக்களை அடையாளம் தெரியும் வடிவில் உருவாக்கும் முறையை வளர்த்தவர் என்பதால், அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. தொழவைத்த அதே கை நீரில் பூவையும் மலரவைத்தது.

தொடங்க விரும்புவோருக்கு

மூன்று நிறங்கள் போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர். முதல் இரண்டையும் கலந்தால் மழை மேகத்தின் சாம்பல் நிறம் முதல் பழைய சுவரின் பழுப்புவரை கிடைக்கும். நீலமும் ஓக்கரும் சேர்ந்தால் தென்னை ஓலையின் மங்கிய பச்சை வரும். மாணவர்களுக்கான வண்ணங்களே தொடக்கத்திற்குப் போதுமானவை. தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சாதாரண வரைபடத் தாள் நீர்பட்டவுடன் சுருங்கிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளை வாங்கி நான்காக, எட்டாக வெட்டிக்கொள்ளலாம்.

தூரிகை விஷயத்தில் கவனம் தேவை. பன்றி முடியாலான தூரிகைகள் சந்தையில் உள்ளன. அவை பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்திற்கானவை. பிற விலங்குகளின் முடியைப் பற்றியும் மத்ஹபுகளில், குறிப்பாக ஷாஃபிஈ மத்ஹபில், விரிவான சட்டங்கள் உண்டு. செயற்கை நைலான் தூரிகையை வாங்கிவிட்டால் ஐயமே எழாது, விலையும் குறைவு. சில உயர்ரகத் தாள்களில் ஜெலட்டின் பூச்சு இருக்கும். பேணுதல் உள்ளோர் விசாரித்து வாங்கலாம்.

ஒளூவைப் பற்றிய கவலையும் இதில் குறைவு. அக்ரிலிக், எண்ணெய் வண்ணங்கள் உலர்ந்தால் தோலில் நீர்புகாத படலமாக ஒட்டிக்கொள்ளும். நீர்வண்ணத்தின் பிசினோ நீரில் கரைந்துவிடும். கையை நன்கு கழுவிவிட்டுத் தொழுகைக்குச் செல்லலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாள் மெதுவாக உலரும். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்க அது உதவும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே நொடியில் காய்ந்துவிடும். அப்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு வரைய வேண்டும்.

சில எல்லைகள்

எந்த ஆகுமான செயலும் எல்லை தாண்டினால் தன் தன்மையை இழக்கும். பாங்கு சொல்லக் கேட்டதும் தூரிகையைக் கீழே வைக்க இயலவில்லையெனில், அது நமக்கு உரிய பொழுதுபோக்கன்று. வீட்டுச் செலவில் கைவைத்து விலையுயர்ந்த வண்ணங்களை வாங்கிக் குவிப்பதும் வீண்விரயமே. வரைந்த ஒவ்வொன்றையும் உடனே படம் பிடித்து வலைத்தளத்தில் இட்டு, விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கினால், எந்தக் கைப்பேசியிடமிருந்து விலகி வந்தோமோ அதனிடமே திரும்பிச் சென்றவர்கள் ஆவோம். பிள்ளைகளை இதில் போட்டிக்கும் பரிசுக்கும் துரத்துவதும் வேண்டாம். அவர்கள் வாழ்வில் மதிப்பெண் இல்லாத ஓர் இடமாவது மிஞ்சட்டும்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கிப் பார்க்கலாம். ஆண்கள் அந்த அரை மணி நேரம் அடுக்களையையும் சிறு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும்; உம்மாவோ மனைவியோ சகோதரியோ முற்றத்துச் செம்பருத்தியை ஒரு தாளில் வரையட்டும். அது செம்பருத்தி போல இல்லாவிட்டாலும் குறையில்லை. வயது முதிர்ந்து ஓய்வு பெற்ற வாப்பாக்களும் அருகில் ஒரு தாளோடு அமரலாம்.

அல்லாஹ் அழகன், அழகை விரும்புபவன் என்பது நபிமொழி (முஸ்லிம்) நமக்குத் தந்த செய்தி. அவன் படைத்த அழகைக் காணும் கண்ணையும், கண்டு நன்றி செலுத்தும் உள்ளத்தையும், ஓய்வை வீணாக்காமல் பயன்படுத்தும் பக்குவத்தையும், நம் வீட்டாரின் உரிமைகளை மறவாத நீதியையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.